புது ஆல்பம் வந்தால்: வாட்ஸப் குரூப்பா, வீட்டு ஹாலா, ஏற்காட்டு வண்டியா?

வெள்ளிக்கிழமை காலையில் ஃபோனைத் திறந்தால் புதுப் பாட்டுகள் வரிசைகட்டி நிற்கின்றன. உலகம் முழுக்க ஆல்பங்களை வெள்ளிக்கிழமையில் வெளியிடுவது என்று இசை நிறுவனங்கள் 2015 ஜூலை 10 முதல் ஒரு வழக்கத்துக்கு வந்தன. அதற்கு முன் அமெரிக்காவில் செவ்வாய், பிரிட்டனில் திங்கள் என்று நாட்டுக்கு ஒரு கிழமை. தமிழ் சினிமா இந்தக் கணக்கையெல்லாம் சட்டை செய்வதில்லை. ஹீரோ பிறந்தநாள், பொங்கல், தீபாவளி, ஆடியோ லாஞ்ச் என்று அதற்குத் தனிப் பஞ்சாங்கம் உண்டு. இரண்டையும் கூட்டினால் வாரத்தில் ஏழு நாளும் ஏதாவது ஒன்று வந்துகொண்டேதான் இருக்கிறது. வந்ததை முழுசாகக் கேட்டு, அதைப் பற்றி உட்கார்ந்து பேச ஆள் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. சேலம் மாதிரி ஊரில் அதை நாமே ஏற்பாடு செய்துகொண்டால்தான் உண்டு.

நாலைந்து பேர் சேர்ந்து மாதம் ஒரு புது ஆல்பத்தையாவது உருப்படியாகக் கேட்கலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாட்ஸப் குரூப்பில் பேசலாம். யாராவது ஒருவர் வீட்டில் கூடிக் கேட்கலாம். வண்டியில் போட்டுக்கொண்டே ஏற்காடு ஏறலாம். இதெல்லாம் எதற்கு, விமர்சகர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்றும் விடலாம். எங்கள் கூட்டத்தில் இந்த நான்கும் கலந்துகட்டி நடந்திருக்கின்றன. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யார் முதலில் வாயைத் திறக்கிறார் என்பதை ஒழுங்குபடுத்தாத எந்த வழியும் எனக்கு ஆகாது. ஸ்பீக்கர், ஆப், இடம் எல்லாம் அதற்கு அப்புறம்.

இது வெறும் பிடிவாதம் இல்லை. 2006-இல் ‘சயின்ஸ்’ இதழில் மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். கலந்துகொண்டவர்கள் 14,341 பேர். யாரும் அதிகம் கேள்விப்படாத குழுக்களின் 48 பாட்டுகள். ஒரு பகுதியினருக்குப் பாட்டின் பெயரும் குழுவின் பெயரும் மட்டும் தெரியும். மற்றவர்களை எட்டுத் தனித்தனி ‘உலகங்களாக’ப் பிரித்து, அந்தந்த உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் டவுன்லோடு செய்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையையும் காட்டினார்கள். எண்ணிக்கையைப் பார்த்தவர்கள் மத்தியில் ஓடிய பாட்டு இன்னும் அதிகமாக ஓடியது, ஓடாத பாட்டு இன்னும் படுத்துவிட்டது. ஒரு உலகத்தில் உச்சியில் நின்ற பாட்டு இன்னொரு உலகத்தில் எங்கோ கீழே கிடந்தது. ரொம்ப நல்ல பாட்டு மண்ணைக் கவ்வுவதும் ரொம்ப மோசமான பாட்டு முதலிடம் பிடிப்பதும் அரிது, ஆனால் நடுவில் இருப்பவற்றுக்கு எது வேண்டுமானாலும் நடக்கும் என்பது அவர்கள் கண்டது. எந்த ஆல்பத்தை எடுத்தாலும் அதில் பாதிக்கு மேல் அந்த நடுத்தரம்தான். அந்தப் பாட்டுகளின் தலையெழுத்தை நிர்ணயிப்பது பாட்டைக் காட்டிலும் பக்கத்தில் இருப்பவரின் முகம்.

குரூப்பில் தீ எமோஜி

வாட்ஸப் குரூப்பின் வசதியை யாரும் விளக்க வேண்டியதில்லை. செலவில்லை, யாரும் எங்கும் போக வேண்டாம், துபாயில் இருக்கும் அஸ்தம்பட்டிக்காரரும் உள்ளே இருக்கலாம். ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு பாட்டு வந்தால் என்ன நடக்கிறது என்று கவனித்திருப்பீர்கள். நாலு நிமிஷப் பாட்டுக்கு இரண்டாவது நிமிஷத்தில் மூன்று தீ எமோஜி விழுந்துவிடும். அடுத்து ஒருவர், “ஏங்ணா, இது அந்தப் பழைய பாட்டு மாதிரியே இல்ல?” என்று போடுவார். போச்சு. அதற்குப் பிறகு குரூப்பில் இருக்கும் அத்தனை பேரும் புதுப் பாட்டைக் கேட்பது அந்தப் பழைய பாட்டை அதில் கண்டுபிடிப்பதற்காகத்தான். பல்லவியில் ஒரு ஸ்வரம் ஒத்துப்போனால் போதும், வழக்கு முடிந்தது. சரணத்தில் வரும் புல்லாங்குழலை ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இதற்கு ஒரு வைத்தியம் இருக்கிறது, குரூப்பைக் கலைக்காமலேயே செய்யலாம். குரூப் செட்டிங்கில் அட்மின் மட்டும் மெசேஜ் அனுப்பலாம் என்று மாற்றிவிடுங்கள். ஆல்பம் வந்த நாளிலிருந்து மூன்று நாள் வாய்ப்பூட்டு. அதற்குள் அவரவர் கருத்தை அட்மினுக்குத் தனியாக அனுப்ப வேண்டும். மூன்றாம் நாள் இரவு அவர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் குரூப்பில் கொட்டுவார், பூட்டைத் திறப்பார். பிறகு சண்டை போடலாம். அப்போது நடக்கும் சண்டை தரமாக இருக்கும், ஏனென்றால் ஒவ்வொருவரும் ஏற்கெனவே ஒரு பக்கம் எழுத்தில் மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

எழுத்து வராதவர்களுக்கு வாய்ஸ் நோட்டு. எங்களில் ஒருவர் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். தட்டெழுதச் சொன்னால் கைகூப்பிவிடுவார், பேசச் சொன்னால் ஆறு நிமிஷம் போகும். பின்னணியில் பற்றவைக்கிற கேஸ் சுடர் உஸ்ஸென்று சீறிக்கொண்டிருக்கும், நடுநடுவே யாரோ சலங்கையைக் கிண்ணத்தில் கொட்டும் சத்தம் கேட்கும். பட்டறையில் காலை ஒன்பதரைக்குப் போட்ட ஆல்பம் சாயங்காலம் வரை சுற்றிச் சுற்றி ஓடுகிறது. எந்தப் பாட்டு வந்தால் பையன்கள் தலையைத் தூக்குகிறார்கள், எது வந்தால் “அண்ணா, மாத்துங்க” என்கிறார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. எங்களில் பலர் ஒரு ஆல்பத்தை இரண்டு தடவை கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதுகிறோம். அவர் தீர்ப்பு இருபது தடவைக்கு அப்புறம் வருகிறது. திரும்பத் திரும்ப எதிர்ப்படும் எதுவும் மெல்லப் பிடித்துப்போகும் என்று ராபர்ட் ஜயான்ஸ் என்ற உளவியலாளர் 1968-லேயே காட்டியிருக்கிறார். ஆகவே பட்டறைக்காரர் ‘நல்லாருக்கு’ என்றால் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இருபது தடவைக்குப் பிறகும் அவர் ‘ஆகாது’ என்றால் அது கல்வெட்டு.

சினிமாப் பாட்டுக்கு மட்டும் குரூப்பே போதும் என்பேன். காரணம், சினிமா ஆல்பம் இப்போது ஆல்பமாக வருவதே இல்லை. முதல் சிங்கிள், இரண்டாவது சிங்கிள், மூன்றாவது சிங்கிள் என்று மாதக்கணக்கில் தவணை கட்டி வருகிறது. முழு ஆல்பம் வெளியாகும்போது ஆறு பாட்டில் மூன்று பழசாகிப்போயிருக்கும். போதாக்குறைக்கு லிரிக்கல் வீடியோவில் ஹீரோ நடந்துவருவதைப் பார்த்துக்கொண்டுதான் முதல் தடவை கேட்கிறோம். ரசிகர் சண்டையும் ராகச் சண்டையும் கலந்துபோன இடத்தில் நிதானமான கருத்தை எதிர்பார்ப்பது வீண். ஜாலியாகத் தீ எமோஜி போட்டுவிட்டுப் போகலாம், தப்பில்லை.

எந்த ஆல்பத்தைக் கேட்பது?

கேட்கும் முறைக்கு முன்னால் இது ஒரு கேள்வி. எங்கள் அப்பா காலத்தில் இலங்கை வானொலி அறிவிப்பாளர் சொன்னால் வேதவாக்கு. கடல் தாண்டி வந்த அந்தக் குரல்களை நம்பி சேலம் மாவட்டத்துக் கிராமங்கள் வரை புதுப் பாட்டு கேட்டன. கேசட் காலத்தில் அந்த இடத்துக்கு ரெக்கார்டிங் கடைக்காரர் வந்தார். அறுபது நிமிஷக் காலி கேசட்டும் ஒரு பாட்டுப் பட்டியலும் கொடுத்தால் பதிந்துதருவார். பக்கத்துக்கு அரைமணி. உங்கள் பட்டியல் இருபத்தேழு நிமிஷத்தில் முடிந்துவிட்டால் மிச்சத்தை அவர் இஷ்டத்துக்கு நிரப்புவார். பலருக்கு வாழ்நாள் முழுக்கப் பிடித்துப்போன பாட்டு அந்த மிச்ச மூன்று நிமிஷத்தில் வந்ததுதான்.

இப்போது அந்த வேலையை அல்காரிதம் செய்கிறது. ஸ்பாட்டிஃபை 2015-இல் திங்கட்கிழமைதோறும் ‘டிஸ்கவர் வீக்லி’யும் அடுத்த வருஷம் வெள்ளிதோறும் ‘ரிலீஸ் ரேடார்’உம் கொடுக்க ஆரம்பித்தது. இந்தியாவுக்கு அந்த ஆப் 2019 பிப்ரவரியில் வந்தது. உங்களைப் போல் கேட்பவர்கள் வேறு என்ன கேட்கிறார்கள் என்று பார்த்து உங்களுக்குத் தருவது அதன் அடிப்படை. சௌகரியம்தான். ஆனால் கடைக்காரருக்கு உங்கள் ரசனை தெரிந்திருந்தும் அதை மீறத் துணிச்சல் இருந்தது. அல்காரிதத்துக்கு அந்தத் துணிச்சல் குறைவு. அதோடு முப்பது விநாடி ஓடினால்தான் அங்கே ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. அதனால் பாட்டு முதல் அரை நிமிஷத்திலேயே ஆளைப் பிடிக்கப் பார்க்கிறது, ஆற அமர ஆரம்பிக்கும் ஆல்பங்கள் தள்ளிவிடப்படுகின்றன. குழுவாகக் கேட்பவர்கள் முறைவைத்து ஆளுக்கு ஒரு மாதம் தேர்வு செய்வதே மேல். அவரவர் அல்காரிதம் வேறுவேறு என்பதால் ஆறு பேர் சேர்ந்தாலே ஒரு நல்ல ரெக்கார்டிங் கடைக்காரர் கிடைத்துவிடுவார்.

விமர்சகர்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 1996-இல் தொடங்கிய பிட்ச்ஃபோர்க் ஆல்பங்களுக்குப் பத்துக்கு இவ்வளவு என்று தசமப் புள்ளியோடு மார்க் போட்டே பெயர் வாங்கியது. 2024 ஜனவரியில் அதைக் கொண்டுபோய் ஜிக்யூ என்ற ஆண்கள் பத்திரிகைக்குள் சேர்த்துவிட்டார்கள். நம் பக்கம் விகடன் படத்துக்கு மார்க் போட்டுப் பழக்கிவிட்டது. ஆல்பத்தை ஆல்பமாக எடுத்து மார்க் போடும் பழக்கம் அப்படி வேரூன்றவில்லை. யூடியூபில் ரியாக்‌ஷன் வீடியோக்கள் உண்டு. முதல் விநாடியிலேயே கண்ணை விரித்து வாயைப் பிளப்பவரின் காதுமீது எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. விமர்சனம் வாசிப்பதாக இருந்தால் கேட்ட பிறகு வாசியுங்கள். அப்போது அது நம்மோடு வாதாடுகிற இன்னொரு ஆள். முன்னால் வாசித்தால் அதுவே கட்டளை.

வீட்டு ஹாலில்

இனி என் கட்சிக்கு வருகிறேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலு மணி, யாராவது ஒருவர் வீட்டு ஹால். இரவு எட்டு மணிக்கு மேல் வைத்தால் பெண்கள் வருவது குறைந்துவிடுகிறது. அம்மாபேட்டையிலிருந்தும் கொண்டலாம்பட்டியிலிருந்தும் டவுன் பஸ் பிடித்து வருபவர்கள் கடிகாரத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார்கள். நாலு மணிக்கு வைத்தால் ஏழு மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

மொட்டைமாடிதான் பலருக்கு முதலில் தோன்றும். காற்று, நிலா, பின்னணியில் சேர்வராயன் மலையின் நிழல் என்று கற்பனை பறக்கும். பாட்டுக்கு அது சரிப்படாது. ஸ்பீக்கரிலிருந்து வரும் அடித்தொனி சுவரில் பட்டுத் திரும்பினால்தான் உடம்பில் இறங்கும். திறந்தவெளியில் அது போன போக்கில் போய்விடும், மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போய் வலந்தலை மட்டும் டக் டக்கென்று கேட்கும். அதை ஈடுகட்ட வால்யூமைக் கூட்டினால் பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது சட்டம். திறந்தவெளியில் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கியே கூடாது. அதனால் ஹால், அதிலும் துணித் திரைச்சீலை தொங்குகிற, சோபாவோ மெத்தையோ கிடக்கிற ஹால். டைல்ஸ் தரையும் வெறும் சுவருமாக இருந்தால் கைதட்டிப் பாருங்கள், கிணற்றுக்குள் தட்டியது போல் திரும்பி வரும். ஒரு ஜமுக்காளம் விரித்தால் பாதி சரியாகிவிடும்.

ஸ்பீக்கரில் ஒன்று மட்டும் கவனிக்கவும். ஒரே டப்பாவாக இருக்கும் ப்ளூடூத் ஸ்பீக்கரில் இடது வலது வித்தியாசம் பெயருக்குத்தான். இசையமைப்பாளர் இடது காதில் வீணையையும் வலது காதில் கிதாரையும் வைத்துப் பேசவிட்டிருப்பார், இதில் இரண்டும் ஒரே வாயால் பேசும். பழைய செட்டாக இருந்தாலும் பரவாயில்லை, தனித்தனி இரண்டு ஸ்பீக்கர் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரமோ அதே தூரத்தில் எதிரே உட்கார்ந்தால் சமபக்க முக்கோணம். அந்த உச்சியில் ஒருவரோ இருவரோதான் உட்கார முடியும். அதனால் இரண்டு பாட்டுக்கு ஒரு முறை இடம் மாறுகிறோம். ‘என் டர்ன் வந்துடுச்சு, எந்திரிங்க மாப்ள’ என்று நாற்காலிக்கு நடக்கும் அந்தச் சின்னச் சண்டையும் நல்லதுதான், யாரும் தூங்கிவிட மாட்டார்கள்.

ஆல்பத்தைப் பாதியில் நிறுத்துவது அவசியம். எல்பி இசைத்தட்டுக்கு 1948-இல் பிறந்ததிலிருந்தே பக்கத்துக்குச் சுமார் இருபது நிமிஷம்தான் கணக்கு, கேசட்டையும் திருப்பித்தான் போட்டோம். அந்தத் திருப்பும் நேரம் காதுக்கு ஓய்வு. இப்போது முதல் பாட்டிலிருந்து பன்னிரண்டாம் பாட்டு வரை மூச்சுவிடாமல் போவதால் ஏழாவது பாட்டு யாருக்கும் நினைவிருப்பதில்லை. அதனால் நாங்களே ஒரு ‘பி சைடு’ உண்டாக்கிக்கொள்கிறோம். பாதியில் நிறுத்தி, பேசாமல், ஆளுக்கொரு துண்டுத்தாளில் இரண்டு வரி எழுதி மடித்து வைக்க வேண்டும். முடிந்ததும் இன்னொரு இரண்டு வரி. எல்லோரும் எழுதி முடித்த பிறகுதான் டீ. தட்டுவடை செட்டு வாங்கி வருகிறேன் என்று யாராவது கிளம்பினால் அதுவும் டீயோடுதான். பாட்டு ஓடும்போது தட்டுவடையைக் கடித்தால் கடித்தவருக்கு மண்டைக்குள் நொறுங்குவதைத் தவிர வேறெதுவும் கேட்காது, பக்கத்தில் இருப்பவருக்கும் அதே கதி. செட்டுக்குள் இருக்கும் பீட்ரூட் துருவல் துண்டுத்தாளில் விழுந்து, எழுதிய கருத்தே சிவந்துபோன சம்பவமும் உண்டு.

தாளில் மார்க் எழுதச் சொல்லாதீர்கள். மார்க் கேட்டால் எல்லோரும் ஆறரை, ஏழு என்று ஒரே இடத்தில் வந்து உட்காருவார்கள். அதற்குப் பதில் இரண்டு கேள்வி: எந்தப் பாட்டைத் தூக்கிவிட்டால் ஆல்பம் இன்னும் நன்றாக இருக்கும்? எந்த இடத்தில் வால்யூமைக் கூட்டத் தோன்றியது? முதல் கேள்வி விவாதத்தைக் கிளப்பும். இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்தான் தங்கம். ‘நாலாவது பாட்டுல, ரெண்டாவது சரணம் முடிஞ்சு அந்தப் பொண்ணு மூச்சு வாங்குற இடம்’ என்று ஒருவர் எழுதியிருந்தால் உடனே அந்த இடத்தை மறுபடி போட்டுக் கேட்போம். நன்றாக இருக்கிறது, இல்லை என்பதைத் தாண்டி பேச்சு நகர்வது அங்கேதான்.

இந்த முறைக்கு ஏற்றவை முழுசாகக் கேட்கவென்றே செய்யப்பட்ட ஆல்பங்கள். இளையராஜா 1986-இல் ‘ஹௌ டு நேம் இட்’ வெளியிட்டபோது படமும் இல்லை, பாட்டு வரிகளும் இல்லை, தியாகராஜரும் ஜெர்மானிய இசைமேதை பாக்கும் ஒரே மேடையில். 2025 மார்ச் 8-இல் லண்டனில் அரங்கேறிய அவருடைய ‘வேலியன்ட்’ சிம்பொனியும் அந்த வகை. இப்படிப்பட்ட இசையில் ஊசி விழுந்தால் கேட்கும் அளவுக்கு ஒலி இறங்கி, பிறகு மெல்ல ஏறும். தெருவில் ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டால் இறங்கிய இடமெல்லாம் காலி, ஏறிய இடமெல்லாம் இரைச்சல். ராப் ஆல்பத்துக்கும் ஹால் ஏற்றதுதான், ஆனால் வேறு காரணத்துக்காக. வரிகள் நாலு திசையிலும் தெறிக்கும்போது பக்கத்தில் ஒருவர் “இப்ப என்ன சொன்னான்?” என்று கேட்டு நிறுத்த முடிகிறது.

இதன் குறையையும் சொல்ல வேண்டும். நேருக்கு நேர் உட்கார்ந்தால் மரியாதை குறுக்கே வருகிறது. வீட்டுக்காரர் ஆசையாகத் தேர்ந்தெடுத்த ஆல்பத்தை, அவர் போட்ட டீயைக் குடித்துக்கொண்டே, சுமார் என்று சொல்ல நம் ஊரில் எத்தனை பேருக்கு மனசு வரும்? துண்டுத்தாள் பாதிச் சங்கடத்தைத் தீர்க்கும். தாள்களைக் கலைத்து யார் எழுதியதை யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்று வைத்தால் மீதியும் தீரும். வயசில் மூத்தவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் ‘அண்ணன் சொன்ன மாதிரி’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். எனவே புதிதாக வந்தவர் முதலில், மூத்தவர் பின்னால், ஆல்பத்தைத் தேர்ந்தெடுத்தவர் கடைசியில்.

இருபது வளைவும் ஒரு ஆல்பமும்

ஏற்காட்டு வண்டிக்கு ஆதரவாளர்கள் அதிகம், அவர்கள் குரலும் பெரிது. அஸ்தம்பட்டியில் கிளம்பி, ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவாயில் வளைவைத் தாண்டும்போது ஆல்பத்தைப் போடுவது அவர்கள் சம்பிரதாயம். டி. ஆர். சுந்தரம் 1930-களில் உருவாக்கிய ஸ்டுடியோவின் மிச்சம் அந்த வளைவுதான். முதல் மலையாளப் பேசும்படமும் முதல் தமிழ்க் கலர்ப் படமும் அந்த நிறுவனம் எடுத்தவை. தமிழ்ப் பாட்டின் சரித்திரத்தில் ஒரு துண்டைக் கடந்து புதுப் பாட்டைக் கேட்கப் போகிறோம் என்ற பெருமை அவர்களுக்கு. எனக்கும் அதில் ஆட்சேபம் இல்லை, ஆனால் ஆல்பத்தை அடிவாரத்தில் போடுங்கள். கோரிமேடு தாண்டும் வரை ஸ்பீடு பிரேக்கர், பஸ், ஹாரன். அடிவாரத்திலிருந்து ஏரிக்கரை வரை நிதானமாக ஏறினால் நாற்பது நிமிஷ ஆல்பம் அநேகமாக முடிந்துவிடும்.

டவுன்லோடு செய்துவைத்துக்கொள்ளுங்கள், மலையில் சிக்னல் வரும், போகும். 320 கேபிபிஎஸ் தரத்தில் நாற்பது நிமிஷத்துக்குச் சுமார் 96 எம்பி ஆகும். வீட்டு வைஃபையில் ஒரு நிமிஷ வேலை. அதைச் செய்யாமல் ஏறினால் உச்சஸ்தாயிக்குப் போகும் நேரத்தில் வட்டம் சுற்ற ஆரம்பிக்கும்.

வண்டியில் கேட்பதில் ஒரு சுகம் இருக்கிறது, மறுக்கவில்லை. யாரும் ஃபோனை நோண்டுவதில்லை. நோண்டினால் மூன்றாவது வளைவில் வயிற்றைப் பிரட்டும். பேச்சும் தானாகக் குறைகிறது. வெளியே மூங்கிலும் பாறையும் மாறிமாறி வர, ஒரு பாட்டு ஒரு வளைவோடு ஒட்டிக்கொள்கிறது. மாதங்கள் கழித்து அதே வளைவில் திரும்பும்போது அந்தப் பாட்டு ஞாபகம் வருகிறது. முதல் தடவைக் கேட்பதை இவ்வளவு அழகாக நினைவில் உட்கார வைக்கும் இடம் வேறு இல்லை.

ஆனால் தீர்ப்புச் சொல்ல இது இடமில்லை. சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டர் அளவில். முக்கால் மணி நேரத்தில் 1,200 மீட்டர் ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது, நடுக்காதில் இருக்கும் காற்று செவிப்பறையை வெளியே தள்ளுகிறது. காது அடைக்கிறது என்கிறோமே, அதுதான். அடைத்த காதில் ஓசை மங்கிவிடும், ஜால்ராவும் தந்தியும் பஞ்சில் சுற்றியது போல் கேட்கும். எச்சில் விழுங்கினால், கொட்டாவி விட்டால் பட்டென்று திறக்கும். அந்த நேரம் பார்த்து கோரஸ் வந்தால், ‘ஆகா, என்ன மிக்ஸிங்’ என்று பின் சீட்டிலிருந்து குரல் வரும். மிக்ஸிங் ஒன்றும் இல்லை, அவருக்குக் காது திறந்திருக்கிறது. கையில் ஆரஞ்சு மிட்டாய் வைத்திருப்பது நல்லது.

இரண்டாம் கியரில் எஞ்சின் முக்கும் சத்தம் பேஸ் கிதாரின் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்காமல் முடியாது. ஓட்டுபவருக்கு ஆல்பத்தில் பாதி கேட்டிருக்காது, கேட்கவும் கூடாது. அவர் கருத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதே அவருக்கும் நமக்கும் பாதுகாப்பு. மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில் ஏறினால் ஆல்பம் இரண்டு தடவை ஓடி முடிந்தும் ஏரி வந்திருக்காது.

மேலே போய்ச் சேர்ந்த பிறகு நடக்கும் பேச்சு வேறு தினுசு. ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜியும் கையுமாக நிற்கும்போது மரியாதைத் தயக்கம் இறங்கிவிடுகிறது. மலையிலேயே இருப்பவர்கள் சேர்ந்துகொண்டால் இன்னும் விசேஷம். 2021 மார்ச்சில் ‘எஞ்சாய் எஞ்சாமி’ வந்த சமயம். அது ஒரே பாட்டுதான், ஆல்பம் இல்லை. நாங்கள் தாளத்தைப் பற்றியும் பாடகி தீயின் குரலைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம். காப்பி எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்த ஒருவர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “காட்டைத் திருத்துனது ஒருத்தரு, பழம் பறிச்சது ஒருத்தரு, மூட்டையா எடுத்துட்டுப் போனது ஒருத்தரு. எங்க ஆத்தா கதைங்க இது” என்றார். பாட்டை எழுதிய ராப் பாடகர் அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர் என்பது எங்களுக்குச் செய்தியாகத் தெரியும். லைன் வீட்டுக்காரருக்கு அந்தச் செய்தி தேவைப்படவில்லை. 2024-இல் ‘வள்ளியம்மா பேராண்டி’ என்று பாட்டி பெயரிலேயே அறிவு ஆல்பம் போட்டபோது அதை முதலில் யாருக்குப் போட்டுக்காட்ட வேண்டும் என்பதில் எங்களுக்குக் குழப்பமே இருக்கவில்லை. ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி ஹெட்ஃபோன் வைத்திருக்கும் ஏழு பேர் கூடினால் கிடைப்பது ஒரே கருத்தின் ஏழு நகல்.

ஆக, எதைத் தேர்வது? உங்கள் ஆட்கள் ஊர் ஊராகச் சிதறியிருந்தால், அல்லது ஷிஃப்ட் வேலையில் ஞாயிற்றுக்கிழமையே இல்லாதவர்களாக இருந்தால், பூட்டுப் போட்ட வாட்ஸப் குரூப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வாய்ஸ் நோட்டைக் கட்டாயமாக்குங்கள். கல்லூரி விடுதிப் பிள்ளைகளுக்கும் அதுவே. ரூமில் நாலு பேர் சேர்ந்து கேட்கும்போது ஒருவன் சிரித்தால் எல்லோரும் சிரிக்கும் வயசு, தனித்தனியாக எழுதி அனுப்புவது அவர்களுக்குத்தான் ரொம்பத் தேவை. ஊருக்குள் ஐந்தாறு பேர் இருந்து, அதில் ஒருவருக்காவது பொறுமையான வீட்டுக்காரர்கள் வாய்த்திருந்தால் ஞாயிறு ஹால்தான் முதல் தேர்வு. ஏற்காட்டை முதல் தடவைக்கு வைக்காமல் மூன்றாவது, நான்காவது தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கருத்தெல்லாம் எழுதி முடித்த பிறகு, பிடித்துப்போன ஆல்பத்தோடு மலையேறுங்கள். பிடிக்காத ஆல்பத்தை ஏற்றிக்கொண்டு போனால் பன்னிரண்டாவது வளைவில் யாராவது பழைய பாட்டுக்கு மாற்றிவிடுவார்கள், அதையும் தடுக்க வேண்டாம்.

ஆட்களைச் சேர்க்கும்போது எட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் ஹாலில் பேச்சு இரண்டு மூலையாகப் பிரிந்துவிடும், முக்கோணத்தின் உச்சியில் உட்காரும் முறை ஆல்பம் முடிவதற்குள் எல்லோருக்கும் வராது, வீட்டுக்காரருக்கும் டீ போட்டுக் கட்டுப்படியாகாது.